விடுதலை ஆவணக் காட்சியும் தங்கவயல் தொழிலாளரின் ரேகை மறுப்பும்

ஆவணம் என்னும் சொல் பண்டைத் தமிழில் கடைத்தெருவைக் குறித்தது. அச்சொல்லே பிற்காலத்தில் உரிமை கைமாறியதற்குச் சான்றாகும் ஓலையையும் குறிக்கலாயிற்று. பொருள் கைமாறும் இடமும் அதற்குச் சான்றாகும் எழுத்தும் ஒரே சொல்லால் வழங்கப்பெறுதல் நோக்கத்தக்கது. கைமாறும் பொருள் மனிதனாக இருந்தபோது அவ்வோலை ஆளோலை எனப்பட்டது.

ஆவணமும் விடுதலையும் எதிரெதிரே நிற்கும் காட்சி ஒன்றைத் தமிழிலக்கியத்தில் தேடினால் முதலில் நினைவிற்கு வருவது பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் ஆகும். மணப்பந்தலுக்கு முதிய அந்தணராக வந்த இறைவன், நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி ஓலை காட்டுகிறார். நம்பியாரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையை அடைகிறது. அங்குக் கிழிபட்டது படியோலைதான் என்பதும் மூலவோலை முதியவரிடம் உள்ளது என்பதும் தெரியவருகின்றன. அது பாட்டனாரின் எழுத்துத்தானா என்பதை அறியக் காப்பிலிருந்து வேறோர் ஓலை வருவிக்கப்பெற்று ஒப்பு நோக்கப்படுகிறது. அடிமைத் திறம் மெய்ப்பிக்கப்படுகிறது. பக்தி நெறியில் இஃது ஆட்கொள்ளும் அருட்செயல். அதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. ஆயினும் சேக்கிழார் இக்காட்சியை அமைத்துள்ள முறையில் நடைமுறை அறிவு ஒன்றும் பொதிந்துள்ளது. ஓலையைக் கிழித்தவன் தோற்கிறான். மூலத்தைக் காப்பில் வைத்திருந்தவர் வெல்கிறார். ஆவணத்தின் ஆற்றல் அதன் எழுத்தில் மட்டும் இல்லை, அது யாருடைய காப்பில் உள்ளது என்பதிலும் உள்ளது.

விடுதலை வரலாற்றை ஆவணங்கள்வழிக் காட்சிப்படுத்தும் அருங்காட்சியகங்களை இவ்வறிவோடு அணுகுதல் வேண்டும். மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை ஒரு பனுவலாகக் கொண்டு, கோலார் தங்கவயலில் 1930 இல் நிகழ்ந்த விரல்ரேகை மறுப்பை அதன் அருகில் வைத்துப் படிக்க இக்கட்டுரை முற்படுகிறது. தங்கவயலின் நந்திதுர்க் முதலிய சுரங்கங்களில் உழைத்தோரில் பெரும்பாலோர் தமிழர். அவர்களது செயல் தமிழக விடுதலை வரலாற்றின் காட்சிப்பேழைகளுக்குள் அமர மறுப்பது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

தமுக்கத்தில் உள்ள காட்சி

மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகம் இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்துள்ளது. 1959 ஏப்ரல் 15 அன்று சவகர்லால் நேரு இதனைத் திறந்துவைத்தார். காட்சி மூன்று கூறுகளாக அமைகிறது. முதற்கூறு இந்திய விடுதலைப் போரை 265 விளக்கப்படங்களால் கூறுவது. அடுத்தது காந்தியடிகளின் வாழ்வைப் படங்களாலும் மடல்களின் படிகளாலும் காட்டுவது. மூன்றாவது அவர் பயன்படுத்திய பொருள்களும் அவற்றின் படிகளும் கொண்டது. தேவகோட்டை நாராயணன் சத்சங்கிக்கு அவர் தம் கைப்பட எழுதிய மடல் இங்கு உள்ளது. இட்லரை நண்பர் என விளித்து எழுதிய மடலும் பார்வையாளரை நிறுத்திப் படிக்கச் செய்வது.

இம்மடல் சற்று விரிவாக எண்ணத்தக்கது. 1939 சூலை 23 அன்று எழுதப்பெற்ற அம்மடலைப் பிரித்தானிய அரசு அனுப்பவிடவில்லை. உரியவரைச் சேராமையால் மடல் என்னும் நிலையில் அது தன் பணியைச் செய்யவில்லை. எனினும் அது காட்சிக்குரியதாகிறது. எழுதியவரின் பெயரும் கையொப்பமும் அதற்கு மதிப்பைத் தருகின்றன. விடுதலை ஆவணம் எனக் காட்சியகங்கள் தேர்ந்துகொள்பவற்றின் பொது இலக்கணம் இதனால் புலனாகும். எழுதியவர் அறியப்பட்டவர், தம் பெயரைத் தாமே எழுதியவர், எழுதியது தம் விருப்பத்தின்படி. தலைவர் ஒருவரின் பெயரால் அமைந்த காட்சியகம் இவ்விலக்கணத்தைப் பின்பற்றுவதில் வியப்பில்லை. ஆனால் இவ்விலக்கணமே விடுதலை ஆவணம் அனைத்திற்கும் பொதுவெனக் கொள்ளும்போது இடர்ப்பாடு எழுகிறது.

இவ்விலக்கணத்தைத் தமுக்கம் காட்சியகமே மீறுகிறது என்பதுதான் இங்குச் சுவையானது. அங்கு வருவோர் மனத்தில் நெடிது நிற்பது எந்த மடலும் அன்று. 1948 சனவரி 30 அன்று காந்தியடிகள் உடுத்தியிருந்த, குருதிக் கறை படிந்த துணியே அது. அதில் எழுத்தில்லை, கையொப்பமில்லை. உடல் தன் விருப்பமின்றி இட்ட குறி மட்டுமே உண்டு. அத்துணியை எவரும் ஆவணம் அன்று எனத் தள்ளமாட்டார். அவ்வாறாயின் உடலின் குறியும் ஆவணமாகும் என்பதைக் காட்சியகம் ஏற்றுக்கொண்டுவிட்டது எனலாம். இக்கொள்கையை மேலும் ஓரடி கொண்டுசென்றால் மைபூசிய பெருவிரலிடம் சென்று சேரலாம்.

கையெழுத்தும் கைநாட்டும்

எழுத்தறியாதவர் இடும் குறி தற்குறி எனப்பட்டது. கல்வெட்டுகளில் அக்குறிக்குப் பிறர் சான்றெழுத்து இடும் வழக்கமும் உண்டு. அங்குத் தற்குறி ஒரு சட்டச் சொல். இன்று அது வசைச்சொல். கைநாட்டு என்பதும் அவ்வாறே. ஒருவன் தன் உடலால் உறுதி கூறும் செயலைக் குறித்த இரு சொற்களும் இழிவுப்பொருள் பெற்றமை, எழுதத் தெரிந்தோருக்கும் தெரியாதோருக்கும் இடையே வளர்ந்த தொலைவைக் காட்டுகிறது.

குடியேற்ற ஆட்சி இவ்விழிவுடன் ஐயத்தையும் சேர்த்தது. 1858 இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் எர்ஷல் என்னும் அலுவலர், சாலைப் பணிக்கான ஒப்பந்தத்தில் கோனாய் என்பவரின் கைப்பதிவைப் பெற்றார். ஒப்பந்தக்காரர் பின்னர்த் தம் கையொப்பத்தை மறுத்துவிடக்கூடாது என்பதே நோக்கம். 1897 இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் நிறுவப்பெற்றது. எட்வர்டு என்றியின் பெயரால் உலகறிந்த வகைப்பாட்டு முறையில் அசிசுல் ஹக், ஏமச்சந்திர போசு ஆகிய இந்திய அலுவலரின் உழைப்பு பெரிது. குற்றவாளியை மீண்டும் இனங்காண உதவியதே அம்முறையின் வெற்றி. 1900 இல் என்றி காவல்துறையைச் சீரமைப்பதற்காகத் தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவாலுக்கு அனுப்பப்பெற்றார். டிரான்சுவாலும் ஒரு பொன்வயல் நாடே.

அங்குத்தான் விரல்ரேகை முதன்முதலில் விடுதலை அரசியலின் பொருளாயிற்று. ஆசியர் அனைவரும் பத்து விரல்களின் ரேகையும் தந்து பதிவு பெற வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906 செப்டம்பர் 11 அன்று சொகனசுபர்க்கில் உறுதி எடுக்கப்பெற்றது. 1908 ஆகத்து 16 அன்று அமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் பதிவுச் சான்றிதழ்கள் எரிக்கப்பெற்றன. இப்போராட்டத்தில் தம்பி நாயுடு முதலிய தமிழர் முன்னணியில் நின்றனர். சாமி நாகப்பன் 1909 இலும் நாராயணசாமி 1910 இலும் உயிர் நீத்தனர். தில்லையாடி வள்ளியம்மை 1914 இல் மறைந்தார். எரிந்த சான்றிதழ்களை எந்தப் பேழையிலும் வைத்தல் இயலாது. நம்பியாரூரர் கிழித்த படியோலையைப் போல அவையும் இல்லாதொழிந்தவை. ஆயினும் அவை இல்லாமையே அந்நிகழ்வின் பொருள்.

இதில் சிக்கல் ஒன்றும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. எரிப்பிற்குச் சில திங்களுக்கு முன்னர், 1908 பிப்ரவரியில், சுமட்சுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி காந்தியடிகள் தாமே முன்வந்து விரல்ரேகை தந்தார். கற்றோரும் செல்வரும் கையொப்பமிட்டாற் போதும் என அவ்வுடன்பாடு சலுகை அளித்திருந்தும், எளியோர் தருவதைத் தாமும் தருவதென அவர் துணிந்தார். அதற்காகத் தம்மவராலேயே தாக்குண்டார். கட்டாயத்தால் தருவது இழிவு, விருப்பத்தால் தருவது இழிவன்று என்பது அவர் கண்ட வேறுபாடு. நுட்பமான வேறுபாடுதான். ஆனால் கையொப்பம் கற்றோருக்கும் ரேகை மற்றோருக்கும் எனப் பிரித்த அச்சலுகை, ஆவணத்தின் வழி மக்களை இருவகுப்பாக்கும் முறையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. காந்தியடிகள் அதனைத் தம் விரலால் மறுத்தார் எனவும் கூறலாம்.

தமிழகத்தில் இதே ரேகை உயிர்ப்பலி கொண்டது. 1911 ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி பிறமலைக் கள்ளரைப் பதிவு செய்ய முற்பட்டபோது, பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உட்பட 16 பேர் இறந்தனர். அவ்வட்டார மக்கள் அதனைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்பதினும் ரேகைச் சட்டம் என்றே நினைவில் வைத்துள்ளனர். சட்டத்தின் பெயரை மக்கள் மாற்றி வழங்கியமை அவர்கள் எதனை மறுத்தனர் என்பதற்குத் தெளிவான சான்று.

1930 ஏப்ரல்

நந்திதுர்க் என்னும் சுரங்கப் பெயரே ஒரு வரலாற்று ஆவணம் ஆகும். திப்பு சுல்தானின் வசமிருந்த நந்தி மலைக்கோட்டையை 1791 அக்டோபரில் கம்பெனிப் படை தாக்கிக் கைப்பற்றியது. பின்னர் மைசூர் ஆங்கிலேயரின் நேரடி நிருவாகத்தில் இருந்தபோது கோலாரை உள்ளடக்கிய ஆட்சிக் கோட்டத்திற்கு அப்பெயர் வழங்கிற்று. கோட்டையிலிருந்து விலகித் தங்கவயலில் தோண்டப்பெற்ற சுரங்கம் ஒன்றும் அப்பெயரையே பெற்றது. வென்ற கோட்டையின் பெயர் நிலத்தடியில் இறங்கியது. அங்கு வேலைக்கு வந்த வடஆர்க்காட்டு, சேலத்துத் தமிழர்கள் தம் குடியிருப்புகளையும் சுரங்கப் பெயராலேயே அழைக்கலாயினர்.

தங்கவயல் பற்றிய பொதுவான நினைவு பொருள்களைப் பற்றியது. சிவசமுத்திரத்திலிருந்து 1902 இல் வந்த மின்சாரம், 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம், வெளிவந்த 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் ஆகியன மீண்டும் மீண்டும் கூறப்படும். இவற்றுக்கு இடையே 1930 ஏப்ரல் நிகழ்வு பெரும்பாலும் ஒரு வரியாகவே கடந்துபோகும். தொழிலாளர் அனைவரையும் பெருவிரல் ரேகையுடன் பதிவு செய்யச் சுரங்க நிருவாகங்கள் முற்பட்டன. தொழிலாளர் மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். வரலாற்றாசிரியர் சானகி நாயர் பழைய மைசூர்த் தொழிலாளர் குறித்த தம் ஆய்வுகளில் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார். ஒழுங்கமைந்த தொழிற்சங்கம் வேரூன்றுமுன் எழுந்த போராட்டம் இது என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஏப்ரல் திங்களில் தண்டியில் காந்தியடிகள் உப்பெடுத்தார். 13 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட இராசாசி 30 ஆம் நாள் வேதாரணியத்தில் உப்புச் சட்டத்தை மீறினார். விடுதலைப் போர் குறித்த எந்தக் காட்சியிலும் இவ்விரு நடைப்பயணங்களும் தவறாது இடம்பெறும். தங்கவயல் வேலைநிறுத்தம் அவ்வரிசையில் சேர்வதில்லை. அதற்குப் புறக்காரணங்கள் உண்டு. தங்கவயல் மைசூர் சமத்தானத்தில் இருந்தது. எதிரே நின்றது அரசு மட்டுமன்று, இலண்டனில் பங்குதாரரைக் கொண்ட நிறுவனமும் ஆகும். சென்னை மாகாண வரலாற்றுக்கு அஃது எல்லைக்கு அப்பாற்பட்டது. கன்னட வரலாற்றுக்கோ அது தமிழர் குடியிருப்பின் செய்தி. இரு மொழிவழி வரலாறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அந்நிகழ்வு தங்கிவிட்டது.

அகக்காரணமே இக்கட்டுரைக்கு முதன்மையானது. உப்புப் போராட்டம் ஆவணத்தைப் பெருக்கிற்று. மடல், துண்டறிக்கை, நிழற்படம், தொண்டர் பட்டியல், சிறைப் பதிவு எனப் பேழைகளை நிரப்பும் பொருள் அதில் ஏராளம். ரேகை மறுப்போ ஆவணம் உருவாவதையே தடுத்த செயல். அது வென்ற இடத்தில் ஏட்டின் கட்டம் வெறுமையாக இருக்கும். அது தோற்ற இடத்தில்தான் மைப்பதிவு கிடைக்கும். இத்தகைய வரலாற்றை ஆவணம் தேடிச் செல்லும் காட்சியாளர், தோல்விகளை மட்டுமே கண்டெடுப்பர்.

தொழிலாளர் ரேகையை ஏன் அஞ்சினர் என்பதை அவர்தம் அன்றாட வாழ்விலிருந்தே அறியலாம். சுரங்கத்தினின்று வெளிவரும்போது பொன் திருடினாரா என உடல் சோதிக்கப்பெற்றது. ஓரிடத்தில் வேலை இழந்தால் வேறொரு சுரங்கத்தில் மற்றொரு பெயரில் சேர்வதே அவர்களுக்கிருந்த சிறு உரிமை. பெயரை மாற்றலாம், பெருவிரலை மாற்ற இயலாது. எல்லாச் சுரங்கங்களும் ஒரே ஏட்டில் ரேகையைச் சேர்த்துவிட்டால் அவ்வுரிமையும் அற்றுப்போகும். மேலும் ரேகை என்பது காவல்நிலையத்தோடு தொடர்புடையது என்பதை அக்காலத்தில் அறியாதார் இல்லை. சேக்கிழார் காட்டும் மூலவோலையின் ஆற்றல் என்ன என்பதைச் சுரங்கத் தொழிலாளர் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். ஓலை காப்பிற்குச் சென்றபின் கிழித்துப் பயனில்லை. அஃது எழுதப்படுமுன் தடுப்பதே வழி. இக்கோணத்தில் நோக்கின் தங்கவயல் மறுப்பு, நம்பியாரூரர் செயலினும் முன்கூட்டியே சிந்தித்த செயலாகும்.

தங்கவயலின் அச்செழுத்து

ரேகை மறுத்தோரை எழுத்தறியாக் கூட்டமெனக் கொள்வது பொருந்தாது. தங்கவயல் தமிழர் அச்சுப் பண்பாட்டில் ஊறியவர்கள். 1907 இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கு இங்கு உறுதியான வாசகர் வட்டம் இருந்தது. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் செயல்பட்டது. பண்டிதரின் மறைவுக்குப் பின் நின்றுபோன ‘தமிழன்’ 1926 இல் சி. அப்பாதுரையாரின் முயற்சியால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது. ரேகை கேட்கப்பட்ட 1930 ஆம் ஆண்டில் அவ்விதழ் அவ்வூரில் படிக்கப்பட்டு வந்தது என்பதை இணைத்து நோக்குதல் வேண்டும். தம் பெயரை எழுதவும் பிறர் எழுதியதை வாசிக்கவும் கற்றுக்கொண்டிருந்த ஒரு மக்கட்கூட்டத்திடம் நிருவாகம் கட்டைவிரலைக் கேட்டது. அவர்கள் பெற்றுவந்த கல்வியை அக்கோரிக்கை கணக்கில் கொள்ளவே இல்லை.

விடுதலை யாருக்கு என்னும் வினாவைச் சுதேசி இயக்கத்தின் உச்சக் காலத்திலேயே எழுப்பியவர் அயோத்திதாசர். சாதி இழிவு நீங்காத நிலையில் ஆட்சி மட்டும் கைமாறுவதை அவர் ஐயுற்றார். அக்கருத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு. ஆனால் ‘தமிழன்’ இதழை விடுதலை ஆவணம் என்று கொள்ளாமல் தமிழகத்தின் விடுதலைச் சிந்தனை வரலாற்றை எழுத இயலாது. ஞான அலாய்சியசு தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999 இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே தமிழ்த்துறைகள் இவ்விதழைப் பரவலாக அறிந்தன. பல்கலைக்கழக நூலகங்களுக்கு முன்னரே தங்கவயலின் எளிய புத்தகசாலை ஒன்று பண்டிதரின் எழுத்துகளை ஆவணமெனப் போற்றியது. தமிழாய்வுலகம் இதனை இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

மறுப்பைக் காட்சிப்படுத்தல்

எழுத்தில்லாத செயலை எவ்வாறு பேழையில் வைப்பது? நினைவுத்தூண் ஒரு வழி. அது பெயர்களைக் காக்கும், காரணத்தைக் கூறாது. மற்றொரு வழி, அடக்கியோரின் ஏடுகளையே காட்சிக்கு வைத்து அவற்றை எதிர்நிலையில் வாசிக்கச் செய்தல். அடிமை முறை குறித்து ஆராய்ந்த ஆ. சிவசுப்பிரமணியன் ஆளோலைகளையும் அடிமைச் சீட்டுகளையும் இம்முறையிலேயே பயன்படுத்தினார். விற்றோரும் வாங்கியோரும் தம் நலனுக்காக எழுதிவைத்த ஓலைகள், விற்கப்பட்டோரின் வரலாற்றுக்குச் சான்றாயின. மைசூர் அரசின் கோப்புகளும் சுரங்க நிறுவனங்களின் அறிக்கைகளும் இவ்வாறே படிக்கப்பெறுதல் வேண்டும். அவற்றில் தொழிலாளர் அறியாமையால் வதந்திக்கு இரையானவராகக் காட்டப்படின், அச்சொற்களின் பின்னே நிற்கும் நிருவாகத்தின் திகைப்பையும் காட்சியாளர் எடுத்துக்காட்டலாம்.

எனினும் பதிவேட்டை முற்றிலும் பகையாகக் காட்டுவது எளிய வழியாகிவிடும். 1956 இல் மைசூர் அரசும் 1962 இல் நடுவணரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்தியது. 2001 பிப்ரவரி 28 அன்று பணி நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் நிலுவைத் தொகைக்கும் குடியிருப்பு உரிமைக்கும் வழக்காடும் தொழிலாளர் குடும்பம் காட்ட வேண்டிய சான்று, தாம் அங்கு உழைத்ததற்கான ஏட்டுப்பதிவே. பாட்டன் ஏட்டில் சேர மறுத்தான். பெயரன் ஏட்டில் தன் தந்தையின் பெயரைத் தேடுகிறான். இதனை முரண் என்று கொள்ள வேண்டியதில்லை. இருவரும் கேட்டது ஒன்றே: தம்மைப் பற்றிய ஏடு யாருடைய காப்பில் இருக்க வேண்டும், எதற்காக. ரேகையைக் கட்டாயத்திற்காக ஒருபோதும் தருவதில்லை என்றும் தம் விருப்பத்தால் தரலாம் என்றும் 1908 இல் எழுந்த வேறுபாடு இங்கு மீண்டும் பொருள் பெறுகிறது.

ஆகவே தங்கவயலின் விடுதலை ஆவணக் காட்சி ஒன்று அமையுமாயின் அதில் இரு ஏடுகள் அருகருகே இருத்தல் தகும். ஒன்று 1930 ஆம் ஆண்டுப் பதிவுத் திட்டம் தொடர்பான கோப்பு. மற்றொன்று அதே காலத்துத் ‘தமிழன்’ இதழ். முன்னது ஆங்கிலத்தில் தொழிலாளரைப் பற்றிப் பேசுவது. பின்னது தமிழில் அவர்களோடு பேசியது. விளக்கக் குறிப்பை எம்மொழியில் எழுதுவது என்பதும் எளிதில் முடிவாகாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கிய ஊர் அது. இன்று பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகளுக்குத் ‘தமிழன்’ இதழின் எழுத்து தெரியாமற்போகலாம். அவர்களும் படிக்குமாறு மூலத்தின் அருகே கன்னடப் பெயர்ப்பு இடம்பெறுவது முதல் தேவை. அப்பெயர்ப்பில் கைநாட்டு என்னும் சொல்லுக்கு நிகராக எதனை வைப்பது என்பதைத் தங்கவயலின் இருமொழி அறிந்த முதியோரிடம்தான் கேட்டறிய வேண்டும்.